பட்டாளத்துத் தாத்தாவின் தடம்: மெடலும் போட்டோவும் மட்டும் இருந்தால் எங்கே தொடங்குவது?

ஆரணிப்பேரன்

வணக்கம். என் அப்பாவின் அப்பா இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பட்டாளத்தில் இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆரணிப் பக்கத்துக் கிராமம். அன்றைக்கு வட ஆற்காடு, இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம். ஊரில் இப்போதும் எங்கள் வீட்டுக்கு 'பட்டாளத்தார் வீடு' என்றுதான் பெயர். ஆனால் அவர் எந்தப் படைப்பிரிவு, எந்த நாட்டில் சண்டை போட்டார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அப்பா சொல்வது: நேதாஜி படையில் பர்மாவில் இருந்தார், காலில் குண்டு பாய்ந்தது, வெள்ளைக்காரன் பிடித்துச் சிறையில் போட்டான்.

கையில் இருப்பது டிரங்குப் பெட்டியில் மூன்று மெடல், பட்டாளச் சட்டை போட்ட ஒரு போட்டோ, அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் புத்தகம் வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டதாம். மெடல்களில் இரண்டு, ஆறு முனை நட்சத்திரம். ஒன்றில் 'ஆப்பிரிக்கா ஸ்டார்' என்றும் இன்னொன்றில் 'இத்தாலி ஸ்டார்' என்றும் இருக்கிறது. மூன்றாவது வட்டமானது, சிங்கம் ஒன்று எதையோ மிதித்துக்கொண்டு நிற்கிறது. பர்மா என்று எதிலும் காணோம்.

இதை வைத்துக்கொண்டு எங்கே போவது? ராணுவத்துக்கு எழுதினால் பதில் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாணயப்பித்தன்

தம்பி, முதலில் ஒன்று. மெடலைப் புளி போட்டோ பிராசோ போட்டோ தேய்க்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய தகவல் அதன் விளிம்பில்தான் இருக்கிறது, தேய்த்தால் அது மழுங்கிவிடும்.

இரண்டாம் உலகப்போர் மெடல்களை பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆட்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்திய ராணுவத்தார் வாங்கியவற்றில் பெயர் பொறித்திருப்பார்கள். வட்ட மெடல் என்றால் விளிம்பைச் சுற்றி, நட்சத்திரம் என்றால் பின்பக்கம். எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இந்த வரிசையில் வரும். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விளிம்பைத் துண்டு துண்டாகப் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

சிங்கம் மிதிப்பது இரட்டைத்தலை டிராகனை. அது 'வார் மெடல் 1939-45', பணியில் இருந்த எல்லோருக்கும் பொதுவானது. நட்சத்திரங்கள்தான் ஆள் எங்கே இருந்தார் என்று சொல்பவை. ஆப்பிரிக்கா ஸ்டார் 10-6-1940 முதல் 12-5-1943 வரை வட ஆப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு. எரித்ரியா, அபிசீனியா (எத்தியோப்பியா) போனவர்களுக்கும் உண்டு. இத்தாலி ஸ்டார் 11-6-1943 முதல் 8-5-1945 வரை. பர்மாவில் சண்டை போட்டவருக்கு பர்மா ஸ்டார் தனியாக உண்டு. மெடல் ஒன்று தொலைந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் 1943, 44இல் இத்தாலியில் இருந்தவர் அதே நேரம் பர்மா எல்லையில் இம்பாலில் இருக்க முடியாது.

ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) கதையும் இங்கே இடிக்கிறது. ஐ.என்.ஏ.வில் சேர்ந்ததாக முடிவு கட்டிய சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரன் மெடல் கொடுத்து அனுப்பவில்லை.

ஒரு சந்தேகம் வரலாம், நானே சொல்லிவிடுகிறேன். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகளிலிருந்து சுமார் 3,000 பேரைச் சேர்த்து நேதாஜி ஜெர்மனியில் ஒரு படை அமைத்தார். 'நேதாஜியோடு இருந்தார்' என்பது அதுவாக இருக்குமோ? இத்தாலி ஸ்டார் இருப்பதால் அதுவும் இல்லை. கைதியாக இத்தாலி முகாமில் கிடந்தவருக்கு அந்த மெடல் கிடையாது.

ஆரணிப்பேரன்

அண்ணா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது! வட்ட மெடலின் விளிம்பில் ஓர் எண், அடுத்து 'எஸ்.பி.ஆர்.', தாத்தா பெயர், கடைசியில் 'எஸ். & எம்.'. பெயரின் எழுத்துக்கூட்டல்தான் விசித்திரமாக இருக்கிறது, எங்கள் யார் சான்றிதழிலும் அப்படி இல்லை.

போட்டோவையும் ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். இடது தோளில் ஒரு சின்னச் சதுரம், அதில் இறக்கை விரித்த பறவை மாதிரி ஏதோ தெரிகிறது. ஸ்டூடியோவில் எடுத்தது, பின்னால் திரையில் தூணும் படிக்கட்டும் வரைந்திருக்கிறார்கள். அட்டையின் அடியில் ஸ்டூடியோ பெயர் இருந்த இடம் கிழிந்துவிட்டது.

சாப்பர்மகன்

வணக்கம் தம்பி. என் அப்பாவும் நானும் ஒரே குரூப், பெங்களூரு மெட்ராஸ் என்ஜினியர் குரூப் (எம்.இ.ஜி.). ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், இந்த மாதிரி இழை கண்ணில் பட்டால் விடமாட்டேன்.

எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், அதாவது பொறியியல் படைச் சிப்பாய். எஸ். & எம். என்றால் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ். அந்தக் காலத்தில் மூன்று குரூப் உண்டு: மெட்ராஸ் பெங்களூரில், பெங்கால் ரூர்க்கியில், பம்பாய் கிர்கியில். வட ஆற்காட்டுக்காரர் என்றால் நம் குரூப்தான் என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். முழுப்பெயர் 'குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்'. மற்ற படைக்காரர்கள் எங்களை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், இன்றைக்கும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் காலாட்படைப் பட்டாளங்களை 1928க்குள் கலைத்துவிட்டார்கள். போர் முற்றிய பிறகுதான் மறுபடி எழுப்பினார்கள். 1939, 40இல் பட்டாளத்துக்குப் போன தமிழ் இளைஞனுக்குப் பெரிய வாசல் சாப்பர்ஸ்தான். பாலம் போடுவது, ரோடு வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, இதெல்லாம்தான் வேலை. எதிரி சுடும்போதே செய்ய வேண்டிய வேலை என்பதை வீட்டில் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். அதனால்தானோ என்னவோ, பல வீடுகளில் தாத்தா துப்பாக்கி பிடித்தார் என்று மட்டும் சொல்கிறார்கள்.

பறவை உண்மையிலேயே பறவையாக இருந்தால் அது சிவப்புக் கழுகு, 4வது இந்திய டிவிஷன். அந்த டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸின் இரண்டு கம்பெனிகள் இருந்தன: 12வது ஃபீல்டு கம்பெனி, 11வது ஃபீல்டு பார்க் கம்பெனி. டிவிஷன் போன பாதை: 1940 டிசம்பரில் எகிப்தில் சிடி பர்ரானி. 1941 தொடக்கத்தில் எரித்ரியாவில் கேரன் மலை. பிறகு லிபியப் பாலைவனம், எல் அலமெய்ன், 1943 மே மாதம் டுனிஸ். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மோன்டே காசினோ. அதே ஆண்டு வட இத்தாலியில் ஜெர்மானியரின் அரண் வரிசையான கோதிக் லைன். கடைசியாக கிரீஸ்.

இதைக் கேட்டதும் தாத்தா இத்தனை இடத்திலும் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். மெடல்கள் சொல்வது, ஆப்பிரிக்கா களத்தில் கொஞ்ச காலம், இத்தாலிக் களத்தில் கொஞ்ச காலம் என்பது மட்டும்தான்.

11வது கம்பெனி என்றதும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுபேதார் சுப்ரமணியன், காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கம். 24-2-1944 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போன வெடியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் வீர விருது கொடுத்தார்கள். உங்கள் தாத்தா அந்தக் கம்பெனியில் இருந்திருந்தால் அவரை நேரிலேயே பார்த்திருப்பார்.

ஆவணத்துக்கு பெங்களூரில் எம்.இ.ஜி. ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். எண், மெடலில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் பெயர், தந்தை பெயர், ஊர், தாலுகா, பழைய மாவட்டம், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்பதற்குச் சான்று. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கி வைத்துக்கொள்ளுங்கள். விவரமான பணித்தாள்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தாலே லாபம்.

எழும்பூர்வாசி

மேலே சார் சொன்னதோடு என் பங்குக்கும் கொஞ்சம். நான் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அடிக்கடி உட்காருபவன். பலர் அங்கே வந்து 'தாத்தாவின் மிலிட்டரி ஃபைல்' கேட்கிறார்கள். அங்கே இருப்பது அரசாணைகளும் கலெக்டர் அலுவலகக் கடிதங்களும்தான். ஆள் சேர்ப்பு, போர் நிதி, சிப்பாய் குடும்பங்களின் மனுக்கள் எல்லாம் உண்டு, ஆனால் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் என்று எதுவும் கிடையாது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் ஏறக்குறைய இதே கதை. அதிகாரிகளுக்குத் தனி ஃபைல் உண்டு, ஜவானுக்கு இல்லை.

பஞ்சாபிகளைப் பார்த்துப் பொறாமைப்படுவேன். முதல் உலகப்போரில் பஞ்சாபிலிருந்து போன சுமார் 3,20,000 பேரின் பெயர், ஊர்வாரியாக, லாகூர் மியூசியத்தில் பதிவேடுகளாகக் கிடந்தது. 2021இல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். மெட்ராஸ் மாகாணத்துக்கு அந்த மாதிரி ஒன்று இல்லை.

ஆனால் நம் ஊரில் எல்லோரும் மறந்துபோகும் இடம் ஒன்று உண்டு: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். உலகப்போர் முடிந்ததும் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏராளமானோருக்குப் பென்ஷன் இல்லை. அவர்களுக்கும் விதவைகளுக்கும் மாநில அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. உங்கள் பாட்டி அதற்கு மனுப் போட்டிருந்தால் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல் அந்த ஃபைலில் இருக்கும். பாட்டி வாங்கினாரா என்று முதலில் வீட்டில் விசாரியுங்கள். மாவட்டம் பிரிந்திருப்பதால் பழைய ஃபைல் வேலூரிலா திருவண்ணாமலையிலா என்று இரண்டு பக்கமும் கேளுங்கள்.

தாத்தாவுக்கு நிலம் ஒதுக்கினார்களா என்றும் பாருங்கள். முன்னாள் ராணுவத்தாருக்குக் கொடுத்த அசைன்மென்ட் பட்டா என்றால் தாலுகா அலுவலகத்தில் ஏதாவது ஒரு காகிதம் பேசும்.

பாலாற்றங்கரை

இழையைத் திருப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இதற்கும் முந்தைய கதை. பாட்டியின் தாத்தா 'பஸ்ராவுக்குப் போனார், வரவே இல்லை'. முதல் உலகப்போர். ஒரே ஒரு மெடல் இருக்கிறது, வெண்கல நிறம். இதற்கு வழி உண்டா?

நாணயப்பித்தன்

உண்டு. திரும்பி வராதவர்களைத் தேடுவதுதான், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, திரும்பி வந்தவர்களைத் தேடுவதைவிடச் சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். 4-8-1914 முதல் 31-8-1921 வரை, அப்புறம் 3-9-1939 முதல் 31-12-1947 வரை பணியில் இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். பெயரை வைத்து மட்டும் தேடினால் கிடைக்காது. சாமி, சாவ்மி, ஸ்வாமி என்று எழுதிய குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி இருக்கும். கூடுதல் தகவல் கட்டத்தில் 'நார்த் ஆர்காட்' என்று போட்டுப் பாருங்கள். பல இந்தியர்களுக்குத் தந்தை பெயர், ஊர், தாலுகா வரை குறித்திருக்கிறார்கள்.

பஸ்ரா நினைவிடம் என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இறந்து, கல்லறை தெரியாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது அது. வெள்ளைக்காரர்கள் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும். இதெல்லாம் அநியாயம் என்று அந்த ஆணையமே 2021இல் அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டது. நூறு வருஷம் கழித்து.

உங்களுடையது பிரிட்டிஷ் வார் மெடல் என்றால், அது வெண்கலம் என்பது முக்கியம். அதைச் சிப்பாய்களுக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். சுமை தூக்கிய போர்ட்டர் கோர், லேபர் கோர் ஆட்களுக்குத்தான் வெண்கலம். அவர் ஆயுதம் ஏந்தாதவராக இருந்திருக்கலாம். விளிம்பைப் படியுங்கள், தெரிந்துவிடும்.

எழும்பூர்வாசி

பாலாற்றங்கரை, ஊரில் பழைய பள்ளிக்கூடச் சுவர், சாவடி, கோயில் மதில் எல்லாம் பாருங்கள். 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர்' என்று ஆங்கிலத்தில் ஒரு சலவைக்கல் பலகை பல ஊர்களில் உண்டு. சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மூடிப் போயிருக்கும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் கதை உண்மை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

கெடாக்காரி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நாணயப்பித்தன் சார் சொன்ன தேதிக் கணக்கெல்லாம் சரி. ஆனாலும் 'நேதாஜி கதை பொய்' என்ற தொனி எனக்கு ஒப்பவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்கள் யாருக்கும் மெடலும் இல்லை, டிஸ்சார்ஜ் புத்தகமும் இல்லை. காகிதம் இல்லாததால் அவர்கள் போகவில்லை என்று ஆகிவிடுமா?

15-2-1942 அன்று சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பான்காரனிடம் ஒப்படைத்தார்கள். ஐ.என்.ஏ.வின் தொடக்கம் அங்கேதான். 1943இல் நேதாஜி வந்தபிறகு எஸ்டேட் தமிழர்கள் சாரைசாரையாகச் சேர்ந்தார்கள். ரப்பர் பால் எடுத்த கை, துப்பாக்கியையே அதற்கு முன் பார்த்ததில்லை. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களிலும் தோட்டத்துப் பிள்ளைகள் நிறைய. எங்கள் பெரிய பாட்டி அதில் ஒருவர்.

போருக்குப் பிறகு பிடிபட்ட ஐ.என்.ஏ. சிப்பாய்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். அந்தக் காகிதங்களில் ஒரு பகுதி டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அபிலேக் படல் என்ற அவர்களின் தளத்தில் தேடலாம். இந்தியாவுக்குத் திரும்பியவர் என்றால் தியாகிகள் பென்ஷன் மனு இன்னும் நல்ல ஆதாரம். மத்திய அரசு 1972இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியது. எங்கே சேர்ந்தேன், எந்த முகாமில் இருந்தேன் என்று அவரவர் வாக்குமூலமே மனுவில் இருக்கும்.

ஆரணிப்பேரன், ஒரு கேள்வி. உங்கள் தாத்தாவுக்கு அண்ணன் தம்பி யாராவது மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்களா?

ஆரணிப்பேரன்

அக்கா, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் திண்டிவனத்தில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். அப்பா இதுவரை சொல்லாதது: தாத்தாவுக்கு ஒரு தம்பி. போருக்கு முன்பே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ரஜுலா கப்பலில் பினாங்குக்குப் போய்விட்டார். போர் முடிந்து ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்தாராம். நொண்டி நொண்டித்தான் நடப்பார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சீக்கிரமே செத்துப்போனார். 'காலில் குண்டு அவருக்குத்தான், உங்க அப்பனுக்கு எல்லாம் குழப்பம்' என்கிறார் அத்தை.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. குண்டு பட்ட தழும்பைத் தன் அப்பா காலிலேயே பார்த்ததாகச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் பட்டிருக்கலாமே என்கிறார். நான் வாதம் செய்யவில்லை.

சாப்பர்மகன்

அப்பாவை விட்டுவிடுங்கள் தம்பி. பட்டாளத்து ஆள் காலில் தழும்பு இருப்பது அதிசயமில்லை. அது குண்டா, கம்பிவேலி கிழித்ததா என்று ஆஸ்பத்திரிக் காகிதம் இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. இரண்டு சகோதரர்கள், எதிரெதிர்ப் படையில். அந்தக் காலத்து வட ஆற்காட்டில் இது நடக்கக்கூடியதுதான். இனி இரண்டு தேடலாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இரண்டு நோட்டுப் போடுங்கள். ஒருவருடைய தகவலை இன்னொருவர் பக்கத்தில் எழுதினால் சிக்கல் இன்னும் கூடும்.

கம்பெனி எது என்று உறுதியானால் அடுத்தது வார் டைரி, அதாவது அந்தப் படைப்பிரிவின் அன்றாடக் குறிப்பேடு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மத்திய கிழக்குப் படைகளுடையது டபிள்யூ.ஓ. 169 என்ற தொகுப்பில், இத்தாலியுடையது டபிள்யூ.ஓ. 170 தொகுப்பில். பெரும்பாலானவை இன்னும் இணையத்தில் இல்லை. நகல் கேட்டால் காசு, இல்லையென்றால் அங்கே இருக்கும் யாராவது போய்ப் படம் எடுக்க வேண்டும். அதில் ஜவான் பெயர் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். அடிபட்டால், செத்தால், விருது வாங்கினால் மட்டும்தான் வரும். ஆனால் இன்ன தேதியில் இன்ன ஆற்றில் பாலம் போட்டோம், இத்தனை வெடி எடுத்தோம், மழையில் ரோடு போய்விட்டது என்று நாள்தோறும் எழுதியிருப்பார்கள். தாத்தாவின் நாட்கள் அவை.

ஊசிமுனை

ஓர் எச்சரிக்கை. 'உங்கள் முன்னோரின் ராணுவ வரலாறு, முழு அறிக்கை' என்று விளம்பரம் செய்யும் ஆட்களிடம் போகாதீர்கள். ஒருவரிடம் பணம் கட்டினேன். வந்தது கல்லறை ஆணையத் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய பக்கத்தின் பிரின்ட், கூடவே விக்கிப்பீடியாவிலிருந்து பத்துப் பக்கம். அதிலும் என் தாத்தா பெயரில் வேறு யாரோ ஒருவர், மாவட்டமே வேறு.

ஆரணிப்பேரன்

எல்லோருக்கும் நல்ல செய்தி. எழும்பூர்வாசி சார் சொன்ன வழிதான் பலித்தது. பாட்டி உதவித்தொகை வாங்கியிருக்கிறார். பழைய ஃபைலைத் தேடி எடுத்துக் கொடுத்த எழுத்தருக்குக் கோடி புண்ணியம். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஜெராக்ஸ், நான்கு பக்கம். பாதி எழுத்து மங்கல்.

தெரிவதை அப்படியே எழுதுகிறேன். சேர்ந்தது 1940, பெங்களூர். அப்போது வயது 18 என்று இருக்கிறது, வீட்டுக் கணக்குப்படி பார்த்தால் 16கூட ஆகியிருக்காது. அடையாளம்: வலது புருவத்தின் மேல் தழும்பு. காலைப் பற்றி ஒன்றும் இல்லை. கல்வி: ரோமன் உருது மூன்றாம் வகுப்புத் தேர்வு. தமிழே சரியாக எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வீட்டில் சொல்வார்கள்! பக்கத்து ரயில் நிலையம்: ஆரணி ரோடு. தொழில்: கொல்லத்து வேலை (கொத்தனார் வேலை). நடத்தை: 'எக்ஸம்ப்ளரி' (முன்மாதிரியானது). வெளியே வந்தது 1946, ஆட்குறைப்பு. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது கட்டைவிரல் ரேகை.

கம்பெனி எண் இருக்கும் வரியில்தான் ஜெராக்ஸ் மடிப்பு விழுந்திருக்கிறது. முதல் இலக்கம் 1, அடுத்தது 1ஆ 2ஆ என்று தெரியவில்லை.

சாப்பர்மகன்

அருமை தம்பி! வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம், ரெக்ரூட்டிங் ஆட்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். ரோமன் உருது என்பது பட்டாளத்துப் பொதுமொழி. ஆங்கில எழுத்தில் எழுதிய உருது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதில் தேர்ச்சி பெற்றாக வேண்டும்.

கொல்லத்து வேலை தெரிந்தவர் என்றால் என் ஓட்டு 11வது ஃபீல்டு பார்க்குக்கு. ஒர்க்ஷாப்பும் ஸ்டோரும் அங்கேதான், கைத்தொழில் தெரிந்தவர்களை அங்கே போடுவார்கள். ஆனாலும் இது யூகம்தான். ரெக்கார்ட்ஸுக்கு எழுதும் மனுவில் இந்த ஜெராக்ஸையும் வைத்து, கம்பெனி எண் எது என்று அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். பத்துக் கேள்வி கேட்டால் மனு மேசையிலேயே தூங்கும்.

இன்னொன்று, அத்தையிடம் பழைய கடித உறை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். எண்ணும் தேதியும் கிடைத்தால் அந்த மாதம் அவர் எந்த ஊரில் இருந்தார் என்று பிடித்துவிடலாம். உறை கிடைத்தால் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து போடுங்கள், சில சமயம் பின்பக்க முத்திரைதான் தெளிவாக விழுந்திருக்கும்.